சிங்கப்பூரில் வேலை தேடுகிறீர்களா? முதல் கேள்வி “என்ன பாஸ்?”

போன மாதம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். “சிங்கப்பூரில் சூப்பர்வைசர் வேலை. எஸ் பாஸ். சம்பளம் 1,800 வெள்ளி. தங்குமிடம் இலவசம். முன்பணம் கட்டுபவர்களுக்கு முன்னுரிமை.” கூடவே ஒரு வரி: “அண்ணே, இது உண்மையா? அப்பா நகையை வைக்கலாம்னு சொல்றாங்க.”

ஏஜென்ட் யார், கம்பெனி எது என்றெல்லாம் விசாரிக்காமலே பதில் சொல்ல முடிந்தது. 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமானால் மாதச் சம்பளம் குறைந்தது 3,300 வெள்ளி இருக்க வேண்டும். வயது கூடக்கூட இந்தத் தொகையும் கூடும். ஆகவே 1,800 வெள்ளிக்கு எஸ் பாஸ் என்று ஒன்று சிங்கப்பூரில் கிடையாது. (அங்கே தமிழில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

வெளிநாட்டு வேலைச் சந்தையைப் புரிந்துகொள்வது என்று சொன்னால் பலரும் பெரிய பொருளாதாரப் பாடம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த வீட்டின் நகையைக் காப்பாற்ற ஒரே ஒரு எண் போதுமாக இருந்தது. அந்த மாதிரி எண்கள் எங்கிருந்து வருகின்றன, ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர் உழவர் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். காய் எவ்வளவு நல்ல காயாக இருந்தாலும், அடையாள அட்டை இல்லாதவர் அங்கே கடை போட முடியாது. சிங்கப்பூரும் அப்படித்தான். உங்கள் படிப்பு, அனுபவம், ஆங்கிலம் எல்லாம் காய். பாஸ்தான் அட்டை. அந்த அட்டைக்கு நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது. உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிதான் மனிதவள அமைச்சிடம் கேட்க வேண்டும். அதனால் அங்கே வேலை காலியாக இருக்கிறது என்பதும், அந்த வேலை உங்களுக்குக் கிடைக்கும் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். இணையத்தில் நூறு விளம்பரம் பார்க்கலாம். அவற்றில் எது நமக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பாஸ்தான் முடிவு செய்கிறது.

பாஸ் முக்கியமாக மூன்று வகை. கட்டுமானம் போன்ற வேலைகளுக்கு ஒர்க் பெர்மிட். நடுத்தரத் திறன் வேலைகளுக்கு எஸ் பாஸ். பட்டதாரிகள், மேலாளர்கள், நிபுணர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். பேச்சில் இ பாஸ் அல்லது ஈ.பி. வேறு சில பாஸ்களும் உண்டு, ஆனால் நம் ஊரிலிருந்து போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மூன்றுக்குள் வந்துவிடுவார்கள்.

நாம் மலிவு என்கிற எண்ணம்

“அந்த ஊர்க்காரங்களுக்குக் கொடுக்கிறதைவிட நமக்குக் கம்மியாக் கொடுத்தாப் போதும், அதனாலதான் நம்மளை எடுக்கிறாங்க” என்று டீக்கடையிலிருந்து கல்லூரி வரை எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கம்பெனி 3,300 வெள்ளி சம்பளத்தில் ஒரு சிங்கப்பூரரை வேலைக்கு வைக்கிறது. அவருக்கு 55 வயதுக்குள் என்றால், சம்பளத்துக்கு மேல் 17 சதவீதத்தை மத்திய சேம நிதிக்கு முதலாளி கட்ட வேண்டும். அது 561 வெள்ளி. மொத்தச் செலவு 3,861. அதே சம்பளத்தில் உங்களை எஸ் பாஸில் எடுத்தால் சேம நிதி கிடையாது. ஆனால் அரசுக்கு மாதம் 650 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்கான தீர்வை, கட்ட வேண்டும். மொத்தம் 3,950. விண்ணப்பக் கட்டணமும் விமானச் செலவும் வந்தால் அது தனி.

ஆக, இந்த நிலையில் நீங்கள் உள்ளூர்க்காரரைவிட விலை கூடியவர். அரசு தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு ஒரு தரைமட்டம், தலைக்கு ஒரு லெவி, கம்பெனிக்கு ஒரு கோட்டா என்று மூன்று கதவுகளை வைத்து, வெளிநாட்டுக்காரரை மலிவுக்காக மட்டும் எடுக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் செலவையும் தாங்கி ஒரு முதலாளி உங்களை ஏன் எடுக்க வேண்டும்? அதற்கு உங்களிடம் ஒரு பதில் இருந்தால் அந்தச் சந்தையில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். நேர்முகத் தேர்வில் “நான் கம்மி சம்பளத்துக்கும் வருவேன்” என்று சொல்வது பல நேரங்களில் பாஸ் கிடைப்பதையே கெடுத்துவிடும்.

பெர்மிட்: எல்லாத் துறையும் நமக்கு இல்லை

ஒர்க் பெர்மிட்டில் எந்த நாட்டுக்காரர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்று பட்டியல் உண்டு. இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் முக்கியமாகத் திறந்திருப்பவை கட்டுமானம், கப்பல் பட்டறை, ஜூரோங் தீவு போன்ற இடங்களில் உள்ள பெட்ரோ கெமிக்கல் ஆலைப் பணிகள். சேவைத் துறை பொதுவாக மலேசியா, சீனா போன்ற சில நாடுகளுக்குத்தான். 2023 செப்டம்பரில் இந்திய உணவகங்களுக்கான சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்கு வழி விட்டார்கள். 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர், உற்பத்தி ஆலை ஆப்பரேட்டர், பொதுவாகச் சமையல்காரர் என்று அந்தப் பட்டியலை விரித்தார்கள். அந்தப் பட்டியலில் வருகிறவருக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும்.

இதைத் தெரிந்து வைத்திருந்தால், “சூப்பர் மார்க்கெட் பில்லிங், பெர்மிட், உடனே விசா” என்று ஒருவர் சொல்லும்போது அதற்கு மேல் கேட்க வேண்டியதே இல்லை.

கட்டுமானத்துக்குப் போகிறவர்கள் ஊரிலேயே பயிற்சி நிலையத்தில் சேர்ந்து டெஸ்ட் அடித்துவிட்டுப் போவது வழக்கம். கொத்து, வெல்டிங், பைப் ஃபிட்டிங் என்று ஒரு தொழிலில் தேர்வு. தேறியவர் அடிப்படைத் திறன் உள்ளவர் என்ற கணக்கில் வருவார். இவருக்காகக் கட்டுமான முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறார். உயர்திறன் தொழிலாளியாக, அதாவது சைட்டில் ஆர்1 என்று சொல்கிறார்களே, அந்த நிலைக்கு உயர்ந்துவிட்டால் லெவி 500 வெள்ளி. ஒரே ஆள், ஒரே வேலை, முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். வருடத்துக்கு 4,800 வெள்ளி.

இந்த 400 வெள்ளியைப் பற்றி நம் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆர்1 ஆக வழிகள் இருக்கின்றன. கட்டுமானத்தில் 6 வருட அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருந்தால் ஒரு வழி. 4 வருடத்துக்குப் பிறகு இன்னொரு தொழிலிலும் தேர்வு எழுதிப் பல்திறன் தொழிலாளியாவது இன்னொரு வழி. “நான் ஆர்1 ஆனால் உங்களுக்கு இவ்வளவு மிச்சம், அதில் எனக்கு எவ்வளவு?” என்று மரியாதையாகக் கேட்கிற தொழிலாளிக்கும், “ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்” என்று நிற்கிறவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. லெவி முதலாளியின் செலவு. உங்கள் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். அதையும் உங்கள் தலையில் கட்டக் கூடாது.

எஸ் பாஸ்: கோட்டா என்கிற கதவு

எஸ் பாஸில் சம்பளத் தரைமட்டத்தையும் லெவியையும் பார்த்துவிட்டோம். மிச்சம் இருப்பது கோட்டா. சேவைத் துறையில் ஒரு கம்பெனியின் ஆட்களில் 10 சதவீதம் மட்டுமே எஸ் பாஸில் இருக்கலாம். கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை போன்றவற்றில் 15 சதவீதம். சேவைத் துறைக் கம்பெனி ஒன்றில் முறையான சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரர் 9 பேர் இருந்தால் 1 எஸ் பாஸ். 4 பேர் மட்டுமே வேலை செய்யும் அலுவலகம் உங்களுக்கு எஸ் பாஸ் தருவதாகச் சொன்னால் எப்படித் தரும்?

அதனால்தான் நேர்முகத் தேர்வில் எல்லாம் நன்றாகப் போய், முதலாளிக்கும் பிடித்து, கடைசியில் “கோட்டா இல்லை” என்று பதில் வருகிறது. உங்கள் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை முதல் பேச்சிலேயே கேட்டுவிடலாம், தவறே இல்லை: “உங்களிடம் இப்போது எஸ் பாஸ் கோட்டா இருக்கிறதா?” நேர்மையான மனிதவள அதிகாரி இதற்கு நேரடியாகப் பதில் சொல்வார்.

ஈ.பி.: 40 புள்ளிக் கணக்கு

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு லெவியும் இல்லை, கோட்டாவும் இல்லை. அதற்குப் பதில் இரண்டு தடை. ஒன்று சம்பளம்: 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. இது இளைஞர்களுக்கு. நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 வெள்ளி வரை போகிறது. பதினைந்து வருட அனுபவத்தோடு போகிறவர் புதுப் பட்டதாரியின் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டாலும் பாஸ் வராது.

இரண்டாவது, 2023 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு வந்த காம்பஸ் என்ற புள்ளி முறை. மொத்தம் 40 புள்ளி எடுக்க வேண்டும். நான்கு அடிப்படைத் தலைப்புகள், ஒவ்வொன்றிலும் 0, 10 அல்லது 20. உங்கள் துறையில் உள்ளூர் நிபுணர்கள் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்கள் சம்பளம் எங்கே நிற்கிறது, உங்கள் படிப்பு, அந்தக் கம்பெனியின் நிபுணர்களில் உங்கள் நாட்டவர் எவ்வளவு பேர், உள்ளூர்க்காரர்களை அந்தக் கம்பெனி எவ்வளவு எடுக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் உங்கள் வேலை இருந்தால் கூடுதல் புள்ளி. நான்கில் இரண்டு தலைப்பு உங்களைப் பற்றியது, இரண்டு கம்பெனியைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு உதாரணம். 30 வயது மென்பொருள் பொறியாளர், தமிழ்நாட்டில் பி.இ. முடித்தவர். பட்டம் அங்கீகரிக்கப்பட்டது, சரிபார்ப்புச் சான்றும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் படிப்புக்கு 10. அவருக்குப் பேசிய சம்பளம் தரைமட்டத்தைத் தாண்டியதுதான். ஆனால் துறையின் உள்ளூர் சம்பள வரிசையில் 65ஆவது சதமானத்துக்குக் கீழே, அதாவது நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து 65ஆவது இடத்துக்குக் கீழே. அதனால் சம்பளத்துக்கு 0.

இவரை மூன்று கம்பெனிகள் கூப்பிடுகின்றன. முதல் கம்பெனியில் நிபுணர்களில் 30 சதவீதம் இந்தியர்கள். ஒரு நாட்டவர் 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தலைப்பில் 0. உள்ளூர் வேலைவாய்ப்பில் நடுத்தரம், 10. மொத்தம் 20. பாஸ் கிடைக்காது. இரண்டாவது, நிபுணர்கள் 25 பேருக்கும் குறைவாக உள்ள சின்னக் கம்பெனி. இப்படிப்பட்டவற்றுக்குக் கம்பெனி சார்ந்த இரண்டு தலைப்பிலும் தானாகவே 10, 10. மொத்தம் 30. இன்னும் 10 குறைகிறது. சம்பளத்தை 65ஆவது சதமானத்துக்கு உயர்த்திக் கொடுத்தால் 40 ஆகிவிடும். மூன்றாவது கம்பெனியில் இந்தியர்கள் 25 சதவீதத்துக்குள், 10 புள்ளி. உள்ளூர்க்காரர்களை நிறைய எடுத்திருக்கிறார்கள், 20. அதே சம்பளத்தில் மொத்தம் 40. பாஸ் வந்துவிடும்.

ஆள் ஒருவர்தான், படிப்பும் சம்பளமும் மாறவில்லை, புள்ளி மட்டும் மூன்று விதம். “அந்தக் கம்பெனில நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, ஈசியாக் கிடைச்சிடும்” என்று நாம் நம்பிப் போகிற இடத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது. நண்பர்கள் வேலை செய்கிற கம்பெனிகளுக்கு மட்டும் விண்ணப்பம் அனுப்பிவிட்டு, ஆறு மாதம் பதில் வராமல் தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறை எதுவும் இல்லை. தேடிய இடம்தான் தவறு.

அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. வயது, துறை, சம்பளம், கல்லூரி என்று கொடுத்தால் வாய்ப்பு எப்படி என்று காட்டும். இலவசம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கம்பெனியும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம்.

சந்தை விலையை எங்கே பார்ப்பது

பொதுவாக, ஈ.பி., எஸ் பாஸில் ஆளெடுக்கும் கம்பெனி, முதலில் அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் தளத்தில் 14 நாட்கள் விளம்பரம் செய்ய வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு வாய்ப்பு கொடுப்பதற்கான விதி இது. 10 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளுக்கும், 22,500 வெள்ளியும் அதற்கு மேலும் சம்பளம் உள்ள வேலைகளுக்கும் விலக்கு உண்டு. “இரண்டு வாரம் பொறுங்கள்” என்று கம்பெனி சொன்னால் பல நேரங்களில் காரணம் இதுதான், பயப்பட வேண்டாம்.

இந்தத் தளத்தில் நமக்கு இன்னொரு பயன் உண்டு. விளம்பரத்தோடு சம்பள வரம்பையும் போட்டாக வேண்டும். உங்கள் பதவியின் பெயரைப் போட்டு ஒரு முப்பது விளம்பரங்களைப் படியுங்கள். நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: சம்பளம், கேட்கும் அனுபவம், திரும்பத் திரும்ப வரும் திறன். ஒரு மாலை நேரம் போதும். அதற்குப் பிறகு “எதிர்பார்க்கும் சம்பளம் என்ன?” என்று கேட்டால் தடுமாற மாட்டீர்கள். அந்த ஊர் சம்பள நிலவரம் மொத்தத்தில் எப்படி என்று ஒரு பிடி வேண்டுமானால்: முழுநேர வேலை செய்யும் உள்ளூர்வாசிகளின் இடைநிலை மாத வருமானம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 2024இல் 5,500 வெள்ளி, முதலாளி கட்டும் சேம நிதியும் சேர்த்து.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சம்பளத்தில் எவ்வளவு கைக்கு மிஞ்சும் என்பதை வாடகைதான் முடிவு செய்யும். வீவக என்ற அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் ஒரே ஒரு அறைக்கு என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மனைவி, குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டுமானால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும்; பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள 12,000. 2021 மே முதல், உங்களைச் சார்ந்து வரும் துணைவருக்கும் வேலை செய்யத் தனியாக ஒரு பாஸ் வேண்டும். இரண்டு சம்பளம் வரும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பும் தம்பதிகள் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

ஐபிஏ கடிதம்

விண்ணப்பத்தை அமைச்சு ஏற்றுக்கொண்டால் முதலில் வருவது ஐபிஏ என்று எல்லோரும் சொல்லும் கொள்கை ஒப்புதல் கடிதம். பெர்மிட் தொழிலாளிக்கு இது தாய்மொழியிலும் வரும்; நமக்குத் தமிழில். விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, என்னென்ன பிடித்தம் என்று தனித்தனியாக இருக்கும். ஓ.டி. கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் ஓடும் என்பதால், மொத்தத் தொகையைவிட அந்த முதல் எண்ணைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அமைச்சின் தளத்தில் அந்தக் கடிதம் உண்மையா என்று சரிபார்க்கலாம். அதில் போட்டிருக்கும் சம்பளத்தை உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் முதலாளி குறைக்க முடியாது. ஆகவே அங்கே போனதும் யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

ஏஜென்ட் பணத்துக்கும் வரம்பு உண்டு. சிங்கப்பூர் முகவர் ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். முதல் 6 மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு அனுப்பினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்குச் சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்லும் மூன்று லட்சம், நான்கு லட்சம் எல்லாம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். “முதல்ல டூரிஸ்ட் விசால வாங்க, உள்ள வந்ததும் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பாஸ் இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தத் தண்டனை வேலை செய்தவருக்குத்தான்.

சித்தி மகன் அன்று இரவே திரும்பக் கூப்பிட்டான். ஏஜென்டிடம் 3,300 பற்றிக் கேட்டிருக்கிறான். “பேப்பர்ல 3,300 காட்டுவாங்க தம்பி, கையில 1,800 வரும். மீதியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துடணும். எல்லாரும் அப்படித்தான் போறாங்க” என்றாராம். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் திரும்ப வாங்குவது அங்கே குற்றம். மாட்டினால் முதலாளி நீதிமன்றத்துக்குப் போவார், இவன் பாஸ் போய்விடும், நகை அடகுக் கடையில் இருக்கும்.

அவன் டிப்ளமோ மெக்கானிக்கல், ஊர் ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருடம் வெல்டிங் அனுபவம். எஸ் பாஸ் கனவை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, டெஸ்ட் அடித்து, கப்பல் பட்டறைக்குப் பெர்மிட்டில் போக முடியுமா என்று பார்க்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டில் மூன்று பத்தி போட்டோம். நகை இன்னும் சித்தி கழுத்தில்தான் இருக்கிறது.